பங்கிட்டுக் கொடுப்போன்



விடியற்காலத்தில் ஆலை வாயிலில் நின்று பழகியோர்க்கு நான் சொல்லப்புகுவது எளிதில் விளங்கும். நிரந்தரத் தொழிலாளி வாராத நாளில் அவனிடத்தில் நிறுத்தப்படுபவன் பதிலி. முப்பது பேர் நிற்பார்கள். ஐந்தாறு பேருக்கே வேலை இருக்கும். எவரை உள்ளே விடுவது என்பது மேஸ்திரியின் விரலில் இருந்தது. அவ்விரல் எவரைச் சுட்டியதோ அவர் வீட்டில் அன்று உலை ஏறும். வேலை கொடுப்பவனும் அவனே, வேலை வாங்குபவனும் அவனே, கையூட்டுப் பெறுபவனும் பெரும்பாலும் அவனே. இம்முறையின் கேட்டினை 1931-ஆம் ஆண்டிலேயே இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஆயினும் நான் ஆலைக்குப் போன காலத்திலும் அவ்விரல் இருந்தது.

எட்டாண்டுகள் பதிலியாக நின்றேன். பின்னர் அவ்விரல் என்னுடையதாயிற்று. கையூட்டு நான் வாங்கவில்லை. அதனால் என்னை நேர்மையாளன் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் வணக்கம் சொல்பவனை முன்னே அழைத்தேன். தலைநிமிர்ந்து நிற்பவனைப் பின்னே தள்ளினேன். ஒருவர் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும், "ஐயா, எந்தக் கணக்கில் ஆள் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்று முதல் ஒரு மாதம் அவர் பக்கம் என் விரல் திரும்பவில்லை. அவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஆலையும் பின்னர் மூடப்பட்டது.

பல ஆண்டுகள் கழித்து வினயபிடகத்தில் தப்ப மல்லபுத்திரரின் வரலாற்றைப் படித்தபோதுதான் அக்கேள்வி எனக்குள் மீண்டும் எழுந்தது.

இராசகிருகத்து வேளுவனத்தில் பிக்குகளுக்கு உறைவிடம் ஒதுக்குவதும், எந்த இல்லத்தில் எவர் உணவு கொள்வது என்று வகுப்பதும் தம் தொண்டாகட்டும் என்று தப்பர் பகவானை வேண்டினார். பகவான் உடன்பட்டார். ஆயினும், "இன்று முதல் நீ அதிகாரி" என்று அவர் தாமாகவே ஆணையிட்டுவிடவில்லை. முதலில் தப்பரின் இசைவு கேட்கப்பட்டது. பின்பு சங்கத்தின் நடுவே தீர்மானம் வைக்கப்பட்டது. உடன்படுவோர் மௌனமாயிருக்கவும் உடன்படாதோர் பேசவும் இடம் தரப்பட்டது. அதன் பிறகே பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இத்தகைய சபைமுறைகள் பௌத்த சங்கங்களில் வழங்கியதைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்தார்.

தப்பர் ஆட்களைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். சுத்தங்களை ஓதுவோரை ஓரிடத்தில் வைத்தார்; வினயம் ஆராய்வோரை ஓரிடத்தில்; தியானம் செய்வோரை ஓரிடத்தில். வீண்கதை பேசுவோரையும் உடல் வளர்ப்போரையுங்கூட அவரவர் இனத்தோடு சேர்த்து வைத்தார். அவர்களும் மனநிறைவாய் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். (அந்தத் தாராளம் எனக்கு வாராது!) பிறப்பைக் கேட்டுப் பிரிக்கவில்லை. பம்பாய் ஆலைகளிலோ நெசவுப் பகுதியில் நம்மவர்க்கு இடமில்லாதிருந்தது. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். நம் வாய் பட்ட நாடாவைத் தொடோம் என்றனர் மற்றத் தொழிலாளர். கூலி மிகுந்த வேலையும் அதுவே. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் இவ்வநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னேயே எழுப்ப வேண்டியிருந்தது.

அகாலத்தில் வரும் பிக்குகளுக்குத் தப்பர் தம் விரலிலே ஒளியேற்றி வழிகாட்டினார் என்று பிடகம் கூறுகிறது. விரல் எரிந்ததா என்று நான் வாதிடேன். இருட்டில் வந்தவனைத் திருப்பியனுப்பாமல், கேட்ட இடத்துக்குத் தாமே முன்னே நடந்து சென்றார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவருக்கும் விரல், எனக்கும் விரல்.

இத்தகையவருக்கும் பழி வந்தது. மேத்தியர், பூமஜகர் என்னும் இரு பிக்குகளுக்கு ஒரு நாள் நல்லுணவு அளிக்கும் இல்லம் முறைப்படி வந்தது. அவர்களைப் பிடிக்காத இல்லத்தலைவனோ, வாயிற்புறத்திலேயே அமர்த்தி நொய்க்கஞ்சி ஊற்றச் செய்தான். இது தப்பரின் சூழ்ச்சி என்று கருதிய இருவரும் ஒரு பிக்குணியைத் தூண்டி அவர் ஒழுக்கத்தின்மேல் பொய்ப்பழி சுமத்தினர். தப்பர் குற்றமற்றவர் என்பது பகவானுக்குத் தெரியும். ஆயினும் சங்கத்தின் நடுவே அவரை நிறுத்தி வினவினார். "நான் எத்தகையவன் என்பதைப் பகவான் அறிவீர்" என்னும் பொருள்பட அவர் விடை கூற, பகவான் அதை ஏற்கவில்லை; செய்திருந்தால் செய்தேன் என்றும், செய்யாவிடில் செய்யவில்லை என்றும் தெளிவாய்க் கூறவேண்டும் என்றார். தப்பர் கூறினார். பின்பு அவ்விருவரும் விசாரிக்கப்பட்டு உண்மையை ஒப்புக்கொண்டனர்.

பெரியவர் என்னை அறிவார் என்பது விடையாகாது என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன வேறொரு தலைவரை நான் படித்ததில்லை. இதில் நம் சங்கங்களைப் பற்றிய செய்தி ஒன்றுண்டு. விகாரையின் சாவி எவரிடம்? வைசாகப் பௌர்ணமி அன்னதானத்தில் கரண்டி எவர் கையில்? கணக்கு கேட்டவரைப் பார்த்து, "என்மேல் நம்பிக்கையில்லையா?" என்று எத்தனை செயலாளர்கள் கேட்டிருக்கிறோம்! சாதியின் மேஸ்திரிகளை விட்டு வெளியேறி வந்த நாம் தம்மத்தின் பெயரால் புதிய மேஸ்திரிகளாகிவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். இளைஞர் வருவதில்லை என்று வருந்துகிறோம். அவர்களும் ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

பங்கிடும் பொறுப்பினர்க்கு வினயம் ஐந்து தகுதிகளை விதிக்கிறது: விருப்பாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் அச்சத்தாலும் வழுவாமை, கொடுத்தது எது, கொடாதது எது என்று அறிந்திருத்தல். ஐந்தாவது வெறும் கணக்கு நோட்டுதான். முதல் நான்கும் உள்ளனவா என்று தன்னைத்தானே சோதிப்பது அரிது, பிறர் சொல்லவேண்டும். அதற்கென்றே பவாரணை அமைந்தது. மழைக்கால வாசம் முடிந்ததும் பிக்குகள் கூடி, என்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் உண்டாயின் இரக்கங்கொண்டு கூறுங்கள் என்று வேண்டுவர். முதலில் வேண்டுபவர் மூத்தவர், இளையவர் பிறகு. சாவத்தியில் ஐந்நூறு பிக்குகள் நடுவே பகவானே இவ்வாறு கேட்டார் எனச் சம்யுத்த நிகாயம் உரைக்கிறது.

பவாரணை பிக்குகளின் கர்மம். இல்லறத்தார் நாம் அதை நடத்துதல் முறையன்று. கேட்பதற்கோ தடையில்லை. ஆகவே வரும் பவாரணைப் பௌர்ணமியன்று மாலை, பஞ்சசீலம் ஓதி முடிந்தபின், நம் சங்கச் செயலாளனாகிய நான் கணக்கு நோட்டையும் சாவியையும் நடுவில் வைத்துத் தரையில் அமர்வேன். கடந்த ஓராண்டில் எவரை முன்னே அழைத்தேன், எவரைப் பின்னே தள்ளினேன் என்று கண்டவர்கள் வந்து கூறவேண்டுகிறேன். வயதில் இளையவர்கள் முதலில் பேசட்டும். ஆலை வாயிலில் நின்று அன்று என்னைக் கேட்டவர் இருக்கும் ஊர் எவருக்கேனும் தெரிந்தால் அதையும் கூறுங்கள்; அவருக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.