உமது தொழில் யாது?

இயந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரலை இழந்த தொழிலாளிக்கு மருத்துவர் எதுவரை கடமைப்பட்டவர்? புண்ணை ஆற்றிச் சான்றிதழில் கையொப்பமிட்டவுடன் அவரது கடமை நிறைவுறுகிறதா?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்க வேண்டும் என அதில் வலியுறுத்தினார். எளிய வினாதான், எனினும் அதைக் கேட்கும்போதே காயத்துக்கு அப்பால் உள்ள மனிதன் மருத்துவரின் பார்வைக்கு வருகிறான்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 சதவீதம் என மதிப்பிட்டது. இத்தகைய அளவுகோல் அவசியமே. அஃது இல்லையேல் நீதி ஆளுக்கு ஆள் மாறிவிடும். ஆயினும், அளவுகோல் உடலை அளக்கிறதே தவிர வாழ்வை அளப்பதில்லை. ஒடிசாவில் ஒரு கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது, ஆகவே அவரது இழப்பு முழுமையானதே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் யாது என்ற வினாவுக்கு நீதி அளித்த விடை அது.

இங்கே மருத்துவரை இரு சோதனைகள் எதிர்கொள்கின்றன. ஊதியம் தரும் முதலாளியின் மனம் குளிர, ஆறாத காயத்தை ஆறியதாக எழுதலாம். ஏழையின்பால் கொண்ட இரக்கத்தால், ஆறிய காயத்தை ஆறாததாகவும் எழுதலாம். முன்னது கொடுமை என்பதை எவரும் உணர்வர். பின்னதோ கருணையின் வேடம் பூண்டு வருகிறது. தேவைக்கு மேல் நீளும் ஓய்வில் தசை தளர்கிறது, மூட்டு இறுகுகிறது, ‘இனி என்னால் இயலாது’ என்ற எண்ணம் வேரூன்றுகிறது. பொய்யான சான்று அந்த எண்ணத்துக்கு முத்திரை இடுகிறது.

ஆகவே, உண்மையைச் சொல்வதே இங்கு உயர்ந்த கருணை. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது, எந்தப் பயிற்சி தேவை, எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும். இலகுவான பணியை முதலில் தருமாறு முதலாளிக்கும் அறிவுறுத்த வேண்டும். பயிற்சியின் வலியைத் தாங்குவது தொழிலாளியின் பங்கு. அந்த வலி வீண்போகாது என்ற நம்பிக்கையைத் தருவது மருத்துவரின் பங்கு.

உழைத்து உண்பவனுக்குத் தொழில் வெறும் வருவாய் அன்று. அவனது தன்மதிப்பும் அதுவே. அதனையும் மீட்டளிக்க முயல்பவரே தம் கடமையை முழுமையாகச் செய்த மருத்துவர்.