வழித்துணையாக வந்தவள்



பங்குனி பிறக்கும்போது சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பேச்சுதான். சப்பரம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது, நம் ஊருக்கு என்றைக்கு வருகிறது? பண்ணாரி மாரியம்மன் திருவிழாவைத்தான் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில், மைசூர் போகும் சாலையில், திம்பம் மலை ஏறத் தொடங்குகிற அடிவாரத்தில் இருக்கிறது பண்ணாரி. அதைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் காடு. 2013 முதல் அது புலிகள் காப்பகம். அந்தக் காட்டு வாசலில் தெற்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறாள் தாய்.

அவள் அங்கே வந்த கதையைக் கேளுங்கள். மாடு மேய்க்கிறவர்களின் பட்டியில் ஒரு பசு, கன்றுக்கும் பால் விடவில்லை, கறக்கவும் விடவில்லை. மேய்ப்பவன் பின்னாலேயே போய்ப் பார்த்தான். வேங்கை மரத்தடியில் புல் மண்டிய ஓரிடத்தில் அது தானாகப் பாலைச் சொரிந்துகொண்டு நின்றது. ஊராரைக் கூட்டிவந்து புல்லை விலக்கினார்கள். புற்றும், பக்கத்தில் சுயம்புவாக ஒரு லிங்கத் திருவுருவும் இருந்தன. கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்தது. மன்னார்காட்டுப் பக்கமிருந்து பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மைசூருக்குப் போகிறவர்களுக்கு வழித்துணையாக வந்தேன், இந்த இடம் பிடித்துப்போயிற்று, இங்கேயே தங்கிவிட்டேன் என்றாளாம் தாய். புல்லால் குடில் போட்டுக் கும்பிடத் தொடங்கினார்கள்.

பாருங்கள், அவள் யாரோடு வந்தாள்? மூட்டை சுமந்த மாட்டோடும், அதை ஓட்டிப் பிழைத்த மனிதரோடும் நடந்து வந்தாள். இதைப் படிக்கும்போதெல்லாம் நம் பாட்டன் பாட்டிமார் கண்முன்னே வந்து நிற்கிறார்கள். பேராக் மாநிலத்தில், பாரிட் புந்தாரைச் சுற்றிய இந்தக் கிரியான் மண்ணில் முதலில் கரும்புத் தோட்டங்கள்தான் இருந்தன. ரப்பர் பிறகு வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்படுவதற்கு முன்பே கப்பலேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். வந்த இடத்தில் ஒரு மரத்தடியைப் பார்த்தார்கள், ஒரு கல்லை நட்டார்கள், மஞ்சளைப் பூசினார்கள், மாரியம்மா என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் அவள் வழித்துணையாகத்தான் வந்தாள்.

இனி திருவிழாவுக்கு வருகிறேன். திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு முடிந்ததும் அம்மன் சப்பரத்தில் ஏறிச் சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்படுகிறாள். பவானி ஆற்றைப் பரிசலில் கடக்கிறாள். ஊர்ச் சனங்கள் ஈரத்துணியோடு தரையில் வரிசையாகப் படுத்துக் கிடக்க, சப்பரம் அவர்களைக் கடந்து போகிறது. கூடவே மலைவாழ் மக்களின் பீனாட்சி வாத்தியம் முழங்குகிறது. சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் நிலக்கம்பம் சாட்டுகிறார்கள். அன்று தொடங்கி இரவுதோறும் கம்பத்து நெருப்பைச் சுற்றி மலைமக்கள் களியாட்டம் ஆடுகிறார்கள். சோளகரும் ஊராளிகளும் வாழ்கிற மலைகள் அவை. பின்பனி இன்னும் விலகாத இரவில் அந்த வாத்தியமும் ஆட்டமும் இல்லாமல் பண்ணாரித் திருவிழாவை நினைத்துப் பார்க்கவே முடியாது.

தீ மிதிக்கும் குண்டத்துக்கு வேண்டிய விறகை எரிகரும்பு என்பார்கள். பக்தர்கள் நேர்ந்துகொண்டு கொண்டுவந்து குவிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் தலைமைப் பூசாரி முதலில் இறங்குகிறார். பிறகு பெண்கள், ஆண்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டவர்கள், சீருடையோடு காவலர்கள் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். மனிதர் இறங்கி முடிந்தபின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் விவசாயிகள். எனக்கு மனம் உருகுவது அங்கேதான். பசு காட்டிக்கொடுத்த தெய்வம் அல்லவா? அந்தப் பசுவின் வம்சத்துக்கும் அவள் சந்நிதியில் பங்கு உண்டு. இன்றைக்கும் அங்கே திருநீறாகக் கொடுப்பது புற்றுமண். பெரிய கோயில், பெரிய கூட்டம், எல்லாம் வந்துவிட்டது. ஆனால் நெற்றியில் வைக்க அந்த மண்தான்.

மலைமக்கள் முன்னிற்கும் திருவிழா பண்ணாரியில் மட்டுமல்ல. தெலங்கானாவில் மேடாரம் என்ற காட்டூர் இருக்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை சம்மக்கா, சாரளம்மா என்ற இரு தாய்மாருக்குத் திருவிழா. கோயா பழங்குடிப் பூசாரிகள்தான் மலையிலிருந்து சம்மக்காவைக் குங்குமச் செப்பாகக் கொண்டுவருகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் தங்கள் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறார்கள். அத்தனை பேரும் அன்று காட்டு மக்களின் முறைக்குத்தான் தலைவணங்குகிறார்கள்.

நம் பேராக் மாநிலத்திலும் மலைமக்கள் இருக்கிறார்கள். தெமியார்களும் செமாய்களும் இரவில் கூடி, பெண்கள் மூங்கில் குழாயைத் தட்டித் தாளம் போட, செவாங் ஆடுவார்கள். அவர்கள் தெய்வம் வேறு, மொழி வேறு. ஆனாலும் அந்தத் தாளத்தைக் கேட்டால் கம்பத்தாட்டம் ஆடுகிறவருக்கு உடனே புரிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சனங்கள் டவுனுக்கும் தாமானுக்கும் குடியேறினார்கள். தோட்டத்துக் கோயில்களும் இடம்பெயர்ந்தன. புதிய கோபுரம், கருங்கல் விக்கிரகம், குடமுழுக்கு எல்லாம் நல்லதே. அதற்கு உழைத்தவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் பழைய நட்டகல் எங்கே போயிற்று? கரகம் சோடித்த குடும்பத்துக்கு முறை கொடுக்கிறோமா? உறுமி அடித்தவரை வாசலோடு நிறுத்திவிட்டோமா? இதெல்லாம் நாகரிகக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், பண்ணாரியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கிற கோயில் அது. அங்கே மலைமக்களின் ஆட்டம் திருவிழாவுக்கு உள்ளே, கோயிலுக்கு முன்னால், அம்மன் பார்வையில் நடக்கிறது.

கோயில் நிர்வாகத்தாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாக் கூட்டம் போடும்போது, தோட்டத்தில் அம்மனைப் பாடி அழைத்த வயதான தாய்மார்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு கரகம் புறப்படும், எந்த அடிக்கு அருள் இறங்கும் என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய நட்டகல் புதரில் கிடந்தால் இந்த வாரமே எடுத்துவந்து, மஞ்சள் பூசி, மரத்தடியில் நிறுத்துங்கள். முதல் கற்பூரத்தை அங்கே காட்டிவிட்டுப் பிறகு மூலஸ்தானத்துக்குப் போங்கள்.