முடியாததைக் கடவுள் கேட்பாரா?

நிறைவேற்ற முடியாத கற்பனையைக் கடவுள் ஏன் கொடுத்தார்? வேதபாட வகுப்பில் வாலிபர்கள் என்னிடம் கேட்கும் இந்தக் கேள்வி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையையே உலுக்கியது. கேட்டவர் பெலேஜியஸ். பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் வாழ்ந்த துறவி. கடவுள் கேட்கிற கீழ்ப்படிதலையும் அவரே தரவேண்டும் என்று ஆயர் அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலில் ஜெபித்திருந்தார். அதை ஒருவர் எடுத்துச் சொன்னபோது பெலேஜியஸுக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பேருக்குக் கிறிஸ்தவர்களாகிப் பழையபடியே வாழ்ந்தவர்களுக்கு "நான் பலவீனன்" என்பது நல்ல சாக்கு. தெமெத்ரியாஸ் என்ற உயர்குடிப் பெண் கன்னிமை விரதம் ஏற்றபோது பெலேஜியஸ் அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நம் பலத்தை அறிந்த கடவுள் நம்மால் ஆகாததைக் கட்டளையிடமாட்டார் என்பதே அதன் சாரம். 415-ல் லித்தாவில் கூடிய ஆயர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். ஆனால் 418-ல் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது.

நான் அகுஸ்தீன் பக்கம். எங்கள் சபையில் ஒரு விதவைத் தாய். அவர் பங்கு வயலைக் கொழுந்தன் எழுதி வாங்கிக்கொண்டான். அவன் படுக்கையில் விழுந்தபோது, தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கை கொடுத்துருதுய்யா, மனசுதான் கொடுக்க மாட்டேங்கு."

இன்னும் முயன்று பாருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கையால் ஆவதையெல்லாம் அவர் செய்துவிட்டார். ஆனால் கற்பனை கையோடு நிற்பதில்லை. நேசி என்கிறது, இச்சியாதே என்கிறது. அகுஸ்தீன் தம் 16 வயதில் பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாக எழுதியதும் இதனால்தான். பசியில்லை. அவரிடம் அதைவிட நல்ல பழம் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார். தப்பு செய்வதே ருசித்தது. நோய் விருப்பத்தில் இருக்கும்போது, அதே விருப்பத்தைக் கொண்டு அதை எப்படிக் குணமாக்குவது? ரோமர் 7-ல் பவுல் தவிப்பதும் இந்த இடத்தில்தான்.

அப்படியானால் மனிதன் சும்மா இருக்கலாமா? 529-ல் ஒராஞ்ச் சங்கம் தந்த தீர்ப்பு எனக்குத் தெளிவு தந்தது. தீமை செய்யவென்று கடவுள் எவரையும் முன்குறிக்கவில்லை என்று அது அறுதியாகச் சொன்னது. சுத்தமாகவேண்டும் என்ற ஆசையே ஆவியானவர் தருவது என்றும் சொன்னது. சாக்குச் சொல்பவனுக்கு அந்த ஆசை இல்லை. தன் நிலை அவனை உறுத்துவதும் இல்லை. அந்தத் தாயை உறுத்தியது. மனசு வரவில்லையே என்று அவர் அழுததே கிருபை அவருக்குள் வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம் என்று அவரிடம் சொன்னேன். இன்றும் அதையே நம்புகிறேன்.