ஒரு விரிசலும் சில ஐயங்களும்

டயரின் பக்கவாட்டில் ஓடிய மெல்லிய விரிசல் ஒன்றினுள் கிழவரான மிஸ்திரி தம் கட்டைவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நகம் பாதிக்குமேல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்துத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு, அடுத்த சக்கரத்தண்டை போய்க் குந்தினார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்தது இவ்வளவே. இதில் மனத்தை அலைக்கழிக்க என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரவில் விளக்கை அணைத்தபின் வேறு எந்த நினைவும் வருவதற்கு முன்னால் அந்த நகம் வந்து நின்றுவிடுகிறது.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவொன்றில் நான் வசிக்கிறேன். எதிர்வீட்டு வங்காள நண்பரிடம் அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற எம்.ஜி.ஏ. கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை உருவான, இருவர் மட்டும் அமரத்தக்க, கூரையற்ற வண்டி. வியாபாரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்த தகப்பனார், ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினாராம். வெகுகாலம் சுவரோடு ஒட்டி நின்றுவிட்ட அதனை, 1968 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை இந்நகரில் நடத்திவரும் பழங்கார் பவனியில் ஓட்டிவிட வேண்டும் என்பது மகனின் ஆசை. மல்லிக் பஜாரிலிருந்து மிஸ்திரி வந்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். எஞ்சினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், கடைசியில் டயருக்கு வந்தார்.

டயரில் பட்டன் அப்படியே இருந்தது என்பதுதான் சங்கடத்தின் மூலம். தேய்ந்து மொட்டையாகியிருந்தால் விவாதத்திற்கே இடமில்லை. தகப்பனார் எண்பதுகளில் போட்டு அதிகம் ஓட்டாமல் விட்ட டயர்கள் அவை. ஹூக்ளிக் கரையில் சாஹாகஞ்சில் வார்த்த டன்லப் டயர்கள். மேலே அந்தப் பெயர் இன்னும் வாசிக்கும்படி இருந்தது. நண்பர் அதன்மேல் கைவைத்துக்கொண்டே பேசினார்: "வருஷத்திற்கு ஒரு நாள், மஷாய். ரெட் ரோடு போன்ற சமதளச் சாலை. மாட்டு வண்டி வேகம். டயரை வெடிக்க வைப்பது வேகமும் பாரமும் அதனால் எழும் சூடும் அல்லவா? இவை மூன்றும் இல்லாத இடத்தில் அப்பாவின் டயரைக் கழற்றி எறியச் சொல்கிறீர்களே, நியாயமா?"

இந்த வாதத்தைப் பரிகசித்துத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அவர் சொன்ன பௌதிகம் சரியானதே. சுமை ஏற ஏற, வேகம் கூடக் கூட, டயரின் சுவர் மடங்கி நிமிர்வதில் வெப்பம் பெருகுகிறது. உள்ளே இழைகளும் ரப்பரும் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி அவ்வெப்பத்தில் தளர்கிறது. ஆடி அசைந்து செல்லும் பவனி வண்டிக்கு அந்த அபாயம் குறைவுதான். குறைவு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் எத்தனை அகலம் என்று அளந்து சொல்ல எனக்குக் கருவி ஏதும் கிடையாது. மிஸ்திரியிடம் ஒரு நகம் இருந்தது.

அசல் தன்மை என்று நண்பர் போற்றியது எதனை என்பதைச் சற்று விசாரித்தபோது வேடிக்கையான செய்தி ஒன்று வெளிப்பட்டது. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது பூண்டிருந்த டயரின் அளவு 5.60-15. இப்போது அதன் காலில் இருப்பதோ 5.90-15, அதாவது, உத்தர்பாராவில் பிறந்த நம் அம்பாசடரின் அளவு. இறக்குமதி அரிதாயிருந்த காலத்தில், பதினைந்து அங்குலச் சக்கரம் இரண்டுக்கும் பொதுவென்று கண்ட தகப்பனார், கிடைத்ததை மாட்டிக்கொண்டார். இரண்டு வண்டிகளுக்கும் உறவு அதற்கு முன்பே உண்டு. எம்.ஜி.ஏ.வின் முதல் வகையில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் அம்பாசடரின் எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்; ஒன்று ஒய்யாரமாய் உலாப் போயிற்று, மற்றது மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டு ஹௌரா நிலையத்து வாசலில் சவாரிக்குக் காத்து நின்றது. ஆகவே மகன் காக்க விரும்பியது ஆபிங்டனின் அசலை அன்று. தகப்பனார் செய்துகொண்ட சமாதானத்தை. அது தெரிந்தபின் நண்பர்மேல் எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

அரசாங்கம் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதி, அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கலாகாது என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. டயரைப்பற்றி அங்கே பேச்சில்லை. டயர் தேய்வதற்கென்றே பிறந்தது என்று விதி எழுதியவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் 1936-இல் தொடங்கி, இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை என்று பெயர் பெற்று, பிற்காலத்தில் பூட்டுவதும் திறப்பதுமாக நலிந்து, 2016-இல் மாநிலச் சட்டசபை கையகப்படுத்த மசோதா நிறைவேற்றும் நிலைக்கு வந்துவிட்ட சாஹாகஞ்சை எண்ணுகிற வங்காளி ஒருவனுக்கு, அந்த நாமம் பொறித்த ரப்பர் வெறும் ரப்பர் ஆகுமா? இனி அது வார்க்கப்படப் போவதில்லை. எஞ்சினின் உதிரிப் பாகங்களை இன்றும் மல்லிக் பஜாரில் தேடிப் பிடித்துவிடலாம். சாஹாகஞ்ச் டயரை எங்கே போய்ப் பிடிப்பது?

இந்த இடத்தில் என் மனம் காவிரிக்கரைப் பக்கம் ஓடிவிடுகிறது. திருவாரூரில் என் பால்யம் கழிந்தது. நெடுங்காலம் நிலைபெயராது நின்றிருந்த ஆழித்தேர் 1970-இல் மீண்டும் ஓடியபோது வடம் பிடித்த கூட்டத்தில் நானும் நெருக்குண்டு நின்றேன். அலங்காரத்தோடு தொண்ணூற்றாறு அடி உயர்ந்து ஆடிவரும் அந்தத் தேரைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் முற்காலத்தில் ஒரே உபாயம், உருளும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவது. போடுகிறவன் கை ஒரு கணம் பிந்தினால் கட்டையோடு கையும் போய்விடும். எங்கள் தெருவில் அப்படிக் கட்டை போட்ட ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. திருச்சி பெல் நிறுவனத்தார் செய்து கொடுத்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் தேரின் அடியில் வந்து சேர்ந்த செய்தியைக் கேட்டு ஊரே மகிழ்ந்தபோது, மனம் வாடியவர் அவர் ஒருவரே. "தேருக்குப் பிரேக்காம்டா, பிரேக்கு!" என்று திண்ணையில் உட்கார்ந்து, எஞ்சிய விரல்களால் வெற்றிலையைக் கிழித்துக்கொண்டு சொல்லுவார்.

விரலை இழந்தவனே அபாயத்திற்காக ஏங்குவது எப்படி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குவதுபோல் தோன்றுகிறது. அவர் இழந்தது தம்முடைய விரல். சக்கரத்தை நிறுத்தும் சாமர்த்தியமும் அதன் விலையும் ஒரே கையில் இருந்தன. நண்பரின் நிலைமை அப்படியன்று. டயர் வெடித்து வண்டி ஒருபுறம் இழுத்துக்கொண்டு போனால், நடைபாதையில் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துப் பவனியைக் காட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவனன்றோ விலை கொடுக்க நேரும்? பிதிரார்ஜிதமாக வந்த அபிமானத்துக்கு அந்த அந்நியன் எவ்வாறு கடன்பட்டவனாவான்? இப்படி வாதம் செய்து நண்பரை மடக்கிவிட்டதாக எண்ணி நான் அன்று சற்றே மகிழ்ந்ததும் உண்டு.

ஆலிப்பூரில் பெல்வடீர் வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்தில், தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையவர்களின் நூற்சேகரத்தைத் தேடிச்சென்ற நாட்களில் (தேடியது ஒன்று, படித்தது வேறொன்று என்பது என் வாசிப்பின் நிரந்தர லட்சணம்), மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்த முனிவருக்கும் நடந்த சம்பாஷணையை ஒரு பழைய மொழிபெயர்ப்பில் படித்தேன். தேரில் ஏறி வந்த அரசனிடம் முனிவர், அச்சுதான் தேரா, சக்கரந்தான் தேரா, ஏர்க்கால்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பார். அதன் முடிவு இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்திருப்பதால் தேர் என்று பெயர் வழங்குகிறது என்பதாகப் போகும். நாகசேனருக்கு வேண்டியிருந்தது ஆன்ம விசாரணை. சாலையில் நிற்பவனைப்பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கோ அந்த உரையாடலில் குறையொன்று தென்படுகிறது. அச்சும் ஏர்க்காலும் தேருக்கு மட்டும் உரியவை. சக்கரத்தின் விளிம்போ தேருக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு தரைக்கும் உரியது. டயரும் அத்தகையதே; ஓடும் கார் உலகத்தைத் தொடுவது உள்ளங்கையளவான நான்கு இடங்களில் மட்டுமே.

மறுபடியும் விரிசலுக்கே வருகிறேன். ரப்பர் மூப்படைவதற்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும். அவற்றைத் தடுக்க ரப்பரில் மெழுகும் வேறு ரசாயனங்களும் கலந்து வைப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பைப் போர்த்துகின்றன. ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தப் போர்வை வந்து சேர்வதில்லை. வெளித்தோல் வறண்டு பிளக்கிறது. ஓட்டாமல் வைத்ததனால் பட்டன் பிழைத்தது, ஓட்டாமல் வைத்ததனாலேயே சுவர் செத்தது. தகப்பனாரின் ஞாபகார்த்தமாக அதைத் தொடாமல் காப்பாற்றிய பக்திதான் அந்த நகம் நுழைவதற்கு வழி செய்தது. மிஸ்திரிக்கு இது தெரிந்தே இருக்கும். அவர் ஏன் பேசவில்லை? புது டயர் விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு, அதனால் சொல்லக் கூசினாரா? தகப்பனார் காலத்திலிருந்தே அந்த வண்டியைத் தொட்டவர் ஆகையால் துக்கமா? அல்லது, பார்த்தீர்களே, இனி உங்கள் பொறுப்பு என்பதுதானா? ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சரியெனப் படுகிறது.

நண்பர் இணங்கிவிட்டார். அதன்பின் எழுந்ததே நிஜமான பிரச்சினை: எந்த டயர்? வெளிநாட்டிலிருந்து பழைய வார்ப்பிலேயே புதிதாகச் செய்து விற்கும் 5.60 கிராஸ்பிளை டயரைத் தருவிக்கலாம். சுங்கம் சேர்ந்து விலை கண்ணைக் கட்டும். அம்பாசடர் அளவையே வாங்கலாம். பக்கத்தில் பொறித்த நான்கு இலக்க எண் எந்த வருஷத்தின் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று காட்டிக் கொடுப்பதால், கடையில் பல்லாண்டு தூங்கிய சரக்கைப் புதிதென்று ஏமாற முடியாது. அல்லது, பழமையை ஒதுக்கி ரேடியல் போடலாம். கிராஸ்பிளையில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். மிஷெலின் நிறுவனம் 1946-இல் உரிமை பெற்ற ரேடியலில் அவை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடி, மேலே எஃகுப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பும், நிறுத்துவதில் நிச்சயமும் ரேடியலுக்கே அதிகம். ஆனால் பழைய வண்டியின் ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும் கிராஸ்பிளையை மனத்தில் வைத்து அமைந்தவை. கிராஸ்பிளை முன்கூட்டியே சொல்லிவிட்டு வழுக்கும் என்று அனுபவஸ்தர்கள் சொல்லுகிறார்கள். நான் யோசித்து, அம்பாசடர் அளவுள்ள புதுக் கிராஸ்பிளையையே ஸ்டெப்னி உட்பட ஐந்துக்கும் போட்டுவிடும்படி சொன்னேன். தகப்பனார் தேர்ந்ததற்கு அதுதான் கிட்டியது என்ற காரணமும் சொன்னேன்.

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "நடைபாதையில் நிற்கிறவனுக்காகத்தானே அப்பாவின் டயரைக் கழற்றச் சொன்னீர்கள்? அவனுக்கு நல்லது ரேடியல் என்றால், கிராஸ்பிளை எதற்கு?"

அவருக்காக இரக்கப்பட்டேனா, பழமையின்மேல் எனக்கே உள்ள சபலமா, அல்லது பாதுகாப்புக்கும் நினைவுக்கும் நடுவே மனிதன் எங்கேயாவது ஓரிடத்தில் நின்றுகொள்ளத்தான் வேண்டியிருக்கிறதா? விரிசல் விழுந்த டயரில் நிற்பது தகாது என்று அடித்துச் சொல்ல முடிகிறது. விரிசல் இல்லாத கிராஸ்பிளையில் நிற்பது ஏன் தகும் என்று சொல்ல முடியவில்லை. ரேடியலே போட்டாலும் அறுபது ஆண்டுக்கு முந்திய பிரேக்கைப்பற்றி அவர் அடுத்துக் கேட்பார். அப்புறம் சீட் பெல்ட் இல்லாததைப்பற்றி. அப்புறம், அந்த வண்டியைச் சாலைக்கு எடுப்பதே தகுமா என்று. அத்தனைக்கும் ஒத்துக்கொள்ளும் விவேகம் எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை, வேண்டும் என்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.