அடைக்கலப் பொருளும் இணையக் கடையும்

பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் களவுபோனால், அதைக் காத்தவர் எந்த அளவுக்குக் குற்றவாளி என்னும் வினாவைச் சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்துள்ளன. சிறு வணிகரின் இணையதளத்தை ஹேக்கர்களிடமிருந்து காப்பது இன்று தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே பேசப்பட்டாலும், அதுவும் இவ்வினாவின் எல்லைக்குள் அடங்குவதே. புடவைக் கடை நடத்தும் ஒருவரின் தளத்தில் அவருக்கே உரியவை விலைப்பட்டியலும் படங்களும்தாம். வாங்குவோரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், கடவுச்சொல் ஆகியவை அவரிடம் அடைக்கலமாக வந்தவை. "நம்மிடம் திருட என்ன இருக்கிறது" என்று கேட்கும் வணிகர் தம் கல்லாவை மட்டுமே எண்ணிக் கேட்கிறார்.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில், பெயர் பொறித்த பொதிகள் தாழும் காவலும் இன்றிக் கிடக்க, திருட வந்தவன் அப்பொதியையே தலையில் சுமந்து கழுத்து நோகும்படி செய்யும் வெள்ளிடை மன்றம் ஒன்று பேசப்படுகிறது. களவின் பழி முழுவதும் கள்வன் மேலேயே விழும் உலகம் அது. இணையத்தில் கள்வன் பெரும்பாலும் ஆளே அல்லன். பாட் எனப்படும் தானியங்கி நிரல். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளக்இன் எனப்படும் சிறு மென்பொருள் எங்கே புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்று இரவு பகலாகத் துழாவும் அந்நிரலுக்குப் பெரிய கடை, சிறிய கடை என்ற வேற்றுமை தெரியாது. கழுத்து நோகச் செய்ய அங்கே கழுத்து இல்லாததால், வினா காப்பவரை நோக்கித் திரும்புகிறது.

யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பாகிய தால்முத், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்போரைக் கூலியின்றிக் காப்பவர், கூலிக்குக் காப்பவர், இரவல் பெற்றவர், வாடகைக்கு எடுத்தவர் என நால்வகைப்படுத்துகிறது. கூலியின்றிக் காப்பவர் அசட்டையாக இருந்திருந்தால் மட்டுமே ஈடு தர வேண்டும். கூலிக்குக் காப்பவரோ பொருள் களவுபோனாலே ஈடு செய்ய வேண்டும், ஆயினும் தடுக்கவே இயலாத பெருநிகழ்வு நேர்ந்தால் அவருக்கும் விலக்கு உண்டு. வாடிக்கையாளரின் விவரங்களால் வியாபாரம் செய்து இலாபம் காணும் வணிகரைக் கூலிக்குக் காப்பவரோடு சேர்ப்பதே பொருத்தம். மென்பொருளை எழுதியவரே இன்னும் அறியாத ஓட்டை வழியாக நுழைந்த களவைப் பெருநிகழ்வு எனலாம். திருத்தம் வெளியாகி ஆறு மாதம் ஆகியும் அதை நிறுவாமல் விட்டதையும், நிர்வாகக் கணக்குக்குக் கடையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்ததையும் அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிப்பதும் ஏறக்குறைய இதே அளவுகோலால்தான்.

அசட்டையின் விளைவு கடையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2013இன் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் முதலில் உள்ளே நுழைந்தது, அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதனப் பணி செய்துவந்த ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து களவாடிய கடவுச்சொல்லைக் கொண்டு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தவர் சமணத் துறவியான கவுந்தியடிகள்; அடைக்கலத்தைக் காக்க இயலாமற்போன மாதரி, தன் பிழை ஏதும் இல்லாதபோதும், தீயில் புகுந்தாள். காப்பவரின் மனச்சுமை சட்டத்தின் கணக்கைக் கடந்தது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் கவுந்தியின் சமண நெறியிலேயே, தேவைக்கு மேல் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமை என்னும் அபரிக்கிரகம் உண்டு. துறவிக்கு வகுத்த இந்நோன்பு இணையக் கடைக்கும் பொருந்துவது வியப்பே. கடவுச்சொல்லோடு ஆளுக்கு ஆள் மாறும் சில எழுத்துகளைக் கலந்து (தொழிலில் இதற்கு உப்பு என்றே பெயர்), மூலத்துக்குத் திருப்ப இயலாத எழுத்துத் தொடராக மாற்றிச் சேமிப்பதை ஹாஷ் செய்தல் என்பர். அவ்வாறு சேமித்தபின் அதன் மூலத்தைக் கடைக்காரரே விரும்பினாலும் படிக்க இயலாது. புடவை போய்ச் சேர்ந்து, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்தபின், வரிக்கணக்குக்கு வேண்டிய பில் நீங்கலாக மற்ற விவரங்களை அழித்துவிடும் கடையில், பூட்டை உடைத்து வருபவன் எடுத்துப்போக விலைப்பட்டியலைத் தவிர அதிகம் இராது.