சைக்கிள்காரரின் பங்கு

காரும் சைக்கிளும் மோதிக்கொண்டால் நம் ஊரில் தீர்ப்பு வர அரை நிமிடம் ஆகாது. "பெரிய வண்டிக்காரன்தான் பார்த்து வந்திருக்கணும்" என்று கூட்டம் சொல்லிவிடும். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை ஓட்டுகிறவருக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் பொறுப்பு ஒரே அளவாக இருக்க முடியாது. எலும்பு முறிவது பெரும்பாலும் சைக்கிளில் வந்தவருக்குத்தான். ஆனால் அந்த இரக்கம், மோதல் எப்படி நடந்தது என்ற விசாரணையையும் அங்கேயே முடித்துவிடுகிறது. சைக்கிளில் வந்தவர் என்ன செய்தார் என்று மற்றவர் கேட்டால் அடிபட்டவரை ஏசுவது போலாகும். அதனால் அந்தக் கேள்வியைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ராங் சைடிலிருந்து தொடங்கலாம். அப்படி வருகிறவர்களில் பலர் அதைத் தவறாகவே நினைப்பதில்லை. "எதிரே வர்றதை நான் பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன், முதுகுக்குப் பின்னால வர்றதைவிட இது பத்திரம்" என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு சந்து முனையில் நின்று பார்த்தால் கதை வேறு. சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடதுபக்கம் திரும்ப ஒரு கார் நிற்கிறது. அந்த ஓட்டுநர் பயப்பட வேண்டிய வண்டிகளெல்லாம் வலப்பக்கத்திலிருந்து வருகின்றன. கழுத்தை வலப்பக்கம் திருப்பியபடி ஒரு பஸ்ஸை விடுகிறார், பின்னாலேயே வரும் இரண்டு பைக்குகளை விடுகிறார். இடைவெளி தெரிந்ததும், பார்வை முழுதாக முன்பக்கம் வருவதற்குள் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்திவிடுகிறது. அந்த நொடியில் இடப்பக்கத்திலிருந்து பம்பருக்கு நேரே சைக்கிள். சைக்கிள்காரர் காரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். காரும் தன்னைப் பார்த்திருக்கும் என்று நம்பித்தான் நிறுத்தாமல் வந்தார். ஓட்டுநரின் கண் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும்தான்; ஆனால் எந்தத் திசையிலிருந்து வருவது என்பது சைக்கிள்காரர் கையில் இருந்தது.

வேகக் கணக்கும் அவருக்கு எதிராகவே இருக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள், 50 கி.மீ. வேகத்தில் பைக் என்று வையுங்கள். இரண்டும் ஒரே திசையில் போனால் நெருங்கும் வேகம் 35 கி.மீ. எதிரெதிரே வந்தால் 65 கி.மீ. நாற்பது மீட்டர் தொலைவில் ஒருவர் கண்ணில் மற்றவர் படுகிறார் என்றால், முதல் வகையில் சுதாரிக்க நான்கு நொடி கிடைக்கிறது. இரண்டாவதில் இரண்டு நொடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு, ராங் சைடில் வரவைக்கும் சாலையைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது அநியாயம். நடுவே தடுப்புச் சுவர் நீண்டுகொண்டே போகிறது. எதிர்ச்சாரிக் கடை கண்ணெதிரே தெரிகிறது. யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி. காரில் போகிறவருக்கு அது இரண்டு நிமிடம். கேரியரில் அரிசி மூட்டையோடு மிதிக்கிறவருக்கு, போக ஒன்று வர ஒன்று, வெயிலில் இரண்டு கிலோமீட்டர். ராங் சைடில் அவரைத் தள்ளிவிட்டதில் அந்தச் சாலையை வரைந்தவருக்கும் பங்கு உண்டு.

விளக்கு விஷயம் சுருக்கமானது. தெருவிளக்கு வெளிச்சத்தில் பாதை நன்றாகத் தெரிவதால், தானும் மற்றவருக்குத் தெரிவதாகச் சைக்கிள்காரர் எண்ணிக்கொள்கிறார். எதிர் வண்டியின் ஹெட்லைட்டில் கண் கூசும் லாரி ஓட்டுநருக்கு, கறுப்புச் சட்டையோடு போகும் சைக்கிள் கடைசி நேரத்தில்தான் புலப்படும். ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி வால்வு டியூபைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் இருந்தது. பயம் போனதும் டைனமோவும் போய்விட்டது. சேறு அப்பிய பின் ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்க யார் பயமுறுத்த வேண்டும்?

சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கம் நுழைவது இன்னும் கொடியது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவுக்குக் கீழே உள்ள இடம் அவருக்குத் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறுவது இப்படித்தான்.

இவ்வளவு தெரிந்தும் "நான் செய்தது தப்பு" என்று சொல்ல ஏன் வாய் வருவதில்லை? வறட்டுப் பிடிவாதம் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று நிரூபணமானால் தொகையில் அந்தப் பங்கு கழிந்துவிடும். கூலி வேலைக்குப் போக முடியாமல் காலில் கட்டோடு கிடப்பவரிடம் போய் உண்மையைச் சொல் என்று கேட்டால், அவர் குடும்பம் என்ன செய்யும்?

நெதர்லாந்தில் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள். அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் அதையொட்டிய நீதிமன்றத் தீர்ப்புகளும் மோட்டார் வண்டி மோதி நடந்தவரோ சைக்கிளில் வந்தவரோ அடிபட்டால் பொறுப்பைப் பெரிதும் வண்டியின் மேல் வைக்கின்றன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, வேண்டுமென்றே செய்தது போன்ற அரிய நிலை தவிர, முழு இழப்பீடு. பெரியவர் தவறு செய்திருந்தாலும், அது அளவுக்கு மீறிய துணிச்சலாக இல்லாதவரை, குறைந்தது பாதி. உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் அங்கே இல்லை. அங்கேதான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலையிலேயே சைக்கிள் தேர்வும் வைக்கிறார்கள். பாதுகாப்பு ஒரு கையிலும் பாடம் மறு கையிலுமாகக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2001-02இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சைக்கிள் கொடுக்கும் அதே நாளில் பள்ளி மைதானத்தில் ஒரு லாரியை நிறுத்தி, மாணவி ஒருத்தியை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, அவள் தோழிகளை இடப்பக்கம் சைக்கிளோடு நிற்கவைத்து, "யாராவது தெரிகிறார்களா?" என்று கேட்கலாம். பத்து நிமிட வேலை.

பெரியவர்கள் செய்யக்கூடியது வேறு. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் தரவுத்தளத்தில் இப்போது போலீஸார் விபத்துகளைப் பதிவு செய்கிறார்கள். மயிரிழையில் தப்பியவை போலீஸ் வரை போவதேயில்லை. பால் பூத் வாசலில், டீக்கடையில், ஞாயிறு காலை ஒன்றாக மிதிக்கும் குழுக்களில், "இந்த முனையில் ராங் சைடில் வந்தேன், கார்க்காரர் என்னைப் பார்க்கவேயில்லை" என்று பத்துப் பேர் ஒளிக்காமல் சொன்னால், அந்தப் பத்தும் ஒரே முனையைச் சுட்டினால், தடுப்புச் சுவரில் எங்கே வழிவிட வேண்டும் என்று மாநகராட்சிப் பொறியாளரிடம் மனு எழுத வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.