தலை மாறும் சிலையும் தலை மாறாத கல்லும்



ஒருவரை மதிக்கிறோம் என்று சொல்லும்போது, நாம் மதிப்பது அவர் வகிக்கும் பதவியையா, அவரையேயா? இதற்கு விடை காணப் பெரிய சாஸ்திரங்கள் படித்திருக்க வேண்டுவதில்லை. ஸ்பெயின் தேசத்திலுள்ள மெரிதா என்னும் நகரத்துக்கு மனத்தினாலே ஒரு பிரயாணம் போய் வருவோம், வாருங்கள்.

கிறிஸ்துநாதர் பிறந்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டவர் அகுஸ்துஸ் சக்கரவர்த்தி என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம் அல்லவா? அவரே கி.மு. 25-ம் ஆண்டில், சேவகம் முடித்த போர்வீரர்கள் குடியேறி வாழ்வதற்காக இந்நகரத்தை ஸ்தாபித்தார். அக்காலத்து நாடகசாலை இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு அருகில், உயர்ந்த செங்கல் வளைவுகளுடன் கட்டப்பட்டு 1986-ல் திறக்கப்பட்டதுதான் உரோமைக் கலைக்குரிய தேசியப் பொருட்காட்சிசாலை. அவ்வூர் மண்ணில் தோண்டி எடுத்த பொருட்களை அங்கே காணலாம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவருபவை பளிங்குச் சிலைகள். பெரிய மனிதர்கள் சபையில் உடுத்தும் நீண்ட மேலாடை, மடிப்பு மடிப்பாய் எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்டிருக்கிறது! ஆனால் சில சிலைகளுக்குத் தலை இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மாத்திரம் இருக்கிறது. உடலைத் தனியாகவும் தலையைத் தனியாகவும் செய்து பொருத்துவது உரோமைச் சிற்பிகளின் வழக்கம். வேண்டியபோது ஒரு தலையை எடுத்து வேறொன்றை வைப்பதற்கும் அது வசதியாயிற்று. நீரோ மன்னன் கி.பி. 68-ல் மாண்டபின், அவனுடைய முகச்சிலைகள் பலவற்றைத் திருத்திச் செதுக்கி, வெஸ்பாசியான் என்பவரின் முகமாக்கிவிட்டார்கள். பதவிக்குச் செய்த மரியாதை, பதவி போனதும் அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தது.

நிற்க. அதே சாலையில் ஒரு சிறிய கல்லறைக் கல் இருக்கிறது. அதிலே ஒரு பெண், கட்டையின்மேல் கிடத்திய பீப்பாயிலிருந்து ஒரு குவளையில் திராட்சரசம் பிடிக்கிறாள். அவள் பெயர் செந்தியா அமராந்திஸ். 45 வயதில் இறந்தாள். தன்னோடு 17 ஆண்டுகள் வாழ்ந்த மிகப் பிரியமான மனைவிக்கு இதை அமைத்ததாக, விக்தோர் என்னும் அவள் கணவன் எழுதி வைத்திருக்கிறான்.

பட்டும் நகையும் பூட்டி அவளைச் சீமாட்டியைப்போல் காட்ட அவன் விரும்பவில்லை. மதுக்கடை வேலை அற்ப வேலை என்று வெட்கப்படவும் இல்லை. தினந்தோறும் தன் கண்முன் நின்ற அவளையே, அந்தக் கையையே, அந்தக் குவளையையே செதுக்கச் சொன்னான். இந்தக் கல்லில் வேறொரு தலையை வைக்க யாரால் முடியும்?

இதனால் பதவியிலிருப்போருக்கு மரியாதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதிகாரிக்குரிய கனத்தை அவருக்குக் கொடுப்பது நியாயமே. ஆனால் நம்மில் அநேகர், வருகிற பெரியவருக்கு மாலையோடு வாசலில் காத்திருக்கிறோம்; அடுப்படியில் புகையோடு நிற்கிற மனைவியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நாம் உண்ணும் சோறு யாருடைய கையால் வந்தது என்று நினைப்பதுமில்லை. அவள் கண்ணை மூடிய பிறகு, படம் பெரிதாக்கி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, அழுகிறோம்.

விக்தோரும் கல்லில் எழுதியது அவள் இறந்த பிற்பாடுதான். அந்த 17 வருஷத்தில் ஒரு நாளாவது அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னானோ என்னவோ, கல் அதைச் சொல்லவில்லை. அவனுக்கு இனி அந்தத் தருணம் கிடையாது, நமக்கோ இருக்கிறது.

ஆகையால், பிரியமானவர்களே, உங்களுக்காக நாள் முழுதும் உழைக்கிறவர் யார் என்று உங்கள் வீட்டிலேயே தேடிப் பாருங்கள். தாயோ, மனைவியோ, கணவனோ, வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணோ, யாராயிருந்தாலும் சரி, அவர் செய்யும் வேலையைப் பெயர் சொல்லி, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இன்று இராச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லுங்கள்.